தலைமாட்டுல ரெண்டு புத்தகம்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, "எப்பவும் ஒரு தடிமனான பழைய நாவலும் ஒரு துப்பறியும் கதையும் சேர்த்து வெச்சுதான் படிப்பேன்"னு போற போக்குல எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. சில பேருக்கு நிம்மதி, சில பேருக்குக் கோபம், ரெண்டு மூணு பேர் ரொம்ப மனசு விட்டு எழுதியிருந்தாங்க. அதனால இந்தத் தடவை முழுக்க இது ஒண்ணுதான், மத்த கேள்விகளுக்கெல்லாம் அடுத்த இதழ்ல பதில் சொல்றேன்.

கே: தஸ்தயேவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு சார். ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்சு படுக்கையில எடுத்தா ரெண்டு பக்கத்துல தூக்கம் வந்துடுது. 150ஆவது பக்கத்துலயே நிக்கிறேன். ஆனா லீவு நாள் காலைல கிரைம் நாவல் எடுத்தா ஒரே மூச்சுல முடிச்சுடறேன், இந்த நாலு மாசத்துல ஆறு முடிச்சாச்சு. நான் வெறும் டைம்பாஸ் வாசகன்தானோன்னு உறுத்துது.
– கணக்கு வேலை பார்க்கும் ஒரு வாசகர்

ப: நாலு மாசத்துல ஆறு புத்தகம் முடிச்சிருக்கீங்க, ஏழாவது பாதியில இருக்கு. மொதல்ல அந்த உறுத்தலை இறக்கி வெச்சுடுங்க, அதால ஒரு பக்கம்கூட நகராது, அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கடன் பாக்கி மாதிரி தோண ஆரம்பிச்சுடும், அப்புறம் கையே போகாது.

உங்க கடிதத்தை ரெண்டாவது தடவை படிச்சப்பதான் கவனிச்சேன், விடை உங்க கேள்விக்குள்ளயே இருக்கு. நாள் முழுக்க எண்ணோட மல்லுக்கட்டிட்டு, கண்ணு எரிய எரிய படுக்கப் போற நேரத்துல தஸ்தயேவ்ஸ்கி. நல்லாத் தூங்கி எழுந்து மனசு தெளிவா இருக்கற லீவு நாள் காலைல கிரைம் நாவல். அப்படியே தலைகீழா இருக்கு பாருங்க. கிரைம் நாவல் நம்ம கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிடும், பாதி அசதியில இருந்தாலும் அது பார்த்துக்கும். பழைய நாவலுக்கு நாமதான் நடக்கணும், அதுக்குத் தெம்பு வேணும். ரெண்டையும் இடம் மாத்திப் பாருங்க. லீவு நாள் காலைல ஒரு மணி நேரம் அந்த ரஷ்ய நாவல், வேற எதுவும் வேண்டாம். ராத்திரிக்குக் கிரைம். ஒரு மாசம் இப்படிப் பண்ணிட்டு எழுதுங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் ரஷ்ய நாவல்ல சிக்கிக்கிறது கதையால இல்ல, பேரால. ரஸ்கோல்னிகவ், ரோதியோன் ரொமானவிச், ரோத்யா, மூணும் ஒரே ஆள்தான், நீங்க படிக்கிற நாவலோட நாயகன். 'ரொமானவிச்'னா ரொமானோட மகன். அதனால அவன் தங்கச்சி அவ்தோத்யா ரொமானவ்னா, அதாவது ரொமானோட மகள், ஆனா வீட்ல கூப்பிடறது தூன்யா. இது பிடிபடாம படிச்சா நாலு பேர் இருக்கற அறையில எட்டுப் பேர் இருக்கற மாதிரி குழம்பும். நான் ஒரு தபால் கார்டு அளவு காகிதத்தை அடையாளத்துக்கு வெச்சுக்கறேன், புதுசா ஒரு பேர் வர்றப்போ பென்சில்ல ஒரு வரி: யாரு, யாருக்கு என்ன உறவு, செல்லப் பேர் என்ன. கிரைம் நாவலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்போ அந்தக் காகிதத்தை அரை நிமிஷம் பார்த்தாப் போதும்.

அப்புறம் எங்க நிறுத்தறீங்கங்கறதும் முக்கியம். அந்த நாவல்ல ஆறு பாகம், கடைசியா ஒரு பின்னுரைப் பகுதி. வேற புத்தகத்துக்குத் தாவணும்னா ஒரு பாகம் முடிஞ்ச இடத்துல தாவுங்க. நான் ஒரு தடவை 'போரும் அமைதியும்' படிக்கறப்போ ஒரு சண்டைக் காட்சிக்கு நடுவுல மூடி வெச்சுட்டு ஒரு உளவாளிக் கதையை எடுத்தேன், அது நல்லா இருந்துச்சுன்னு அதே வரிசையில இன்னொண்ணு, மூணு வாரம் ஓடிடுச்சு. திரும்ப வந்து திறந்தா குதிரை மேல போறது யாருன்னே தெரியல. எண்பது பக்கம் பின்னாடி போய் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.

கே: ஒரே நேரத்துல எத்தனை புத்தகம் படிக்கலாம்?
– ஒரு வாசகி

ப: எனக்கு ரெண்டு. மூணாவதா ஒரு கவிதைத் தொகுப்பு இருந்தா பரவாயில்ல, அதுக்குக் கதைத் தொடர்ச்சி இல்ல. ஆனா ரெண்டும் ஒரே காலம், ஒரே ஊர், ஒரே மாதிரி ஆட்கள்னு இருக்கக் கூடாது. பழைய லண்டன்ல நடக்கற ஒரு கிளாசிக்கையும் அதே லண்டன்ல நடக்கற ஒரு துப்பறியும் கதையையும் சேர்த்துப் படிச்சு, இதுல இருக்கற வக்கீலை அதுல தேடினவன் நான்.

கே: என் நண்பர் ஒருத்தர் நல்லாப் படிச்சவர். "இலக்கியம் மனுஷனை மாத்தும், பொழுதுபோக்கு நாவல் நேரத்தைத் தின்னும், ரெண்டையும் ஒரே அலமாரியில வைக்கிறதே தப்பு"ங்கறார். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியல, ஆனா ஒத்துக்கவும் முடியல.
– கல்லூரி மாணவர்

ப: உங்க நண்பர்கிட்ட சண்டைக்குப் போக வேண்டாம், அவர் இலக்கியத்து மேல இருக்கற பிரியத்துலதான் அப்படிச் சொல்றார். ஆனா இன்னைக்கு நாம தலையில வெச்சுக் கொண்டாடற நாவல்கள் அன்னைக்கு எங்க, எப்படி வந்துச்சுன்னு ஒரு பார்வை பார்த்தா அந்த அலமாரிக் கணக்கு கொஞ்சம் தடுமாறும்.

'குற்றமும் தண்டனையும்' 1866ல 'ரஷ்யத் தூதன்'ங்கற மாதப் பத்திரிகையில தொடரா வந்தது. அதே பத்திரிகையிலதான், அதே வருஷம், டால்ஸ்டாயோட 'போரும் அமைதியும்' நாவலோட ஆரம்பப் பகுதிகள் '1805'ங்கற பேர்ல வந்துட்டிருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு வாசகர் தபால்ல வந்த பத்திரிகையைப் பிரிச்சு ரெண்டையும் மாறி மாறிப் படிச்சிருப்பார், அடுத்த மாசம் வரைக்கும் அந்தக் கொலைகாரன் மாட்டுவானா மாட்டானான்னு காத்திருந்திருப்பார். டிக்கன்ஸ் 1836ல 'பிக்விக் பேப்பர்ஸ்' எழுத ஆரம்பிச்சதும் மாசா மாசம் தனித்தனிச் சின்னப் புத்தகமா வித்துதான். டூமாவோட 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' 1844லேர்ந்து 1846 வரைக்கும் பாரிஸ் தினசரி ஒண்ணுல தொடர். நம்ம பக்கம் வந்தா, கல்கியோட 'பொன்னியின் செல்வன்' 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாரா வாரம் வந்த கதை. இவங்க எல்லாருக்கும் 'அடுத்து என்ன?'ங்கற கேள்வியோட வாசகனை நிறுத்தத் தெரியும், அதை யாரும் கேவலமா நினைக்கல.

ஒரே ஒரு காட்சி சொல்றேன், உங்க நண்பர் கண்டிப்பா படிச்சிருப்பார். ரஸ்கோல்னிகவ் அந்த அடகுக்காரக் கிழவியைக் கொன்னுட்டான், எதிர்பாராம உள்ள வந்த அவ தங்கச்சியையும் கொன்னுட்டான். அப்புறம்தான் பார்க்கறான், வெளிக்கதவு இவ்வளவு நேரமா திறந்தே கிடந்திருக்கு. ஓடிப் போய்க் கொக்கியைப் போடறான். அப்ப படிக்கட்டுல காலடிச் சத்தம். கீழேர்ந்து ஒவ்வொரு மாடியா ஏறி வருது. இந்தக் கதவுக்குத்தான் வருதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடுது. வந்தவன் மணியை இழுக்கறான், கதவைப் பிடிச்சு ஆட்டறான், உள்ள அந்தக் கொக்கி வளையத்துல குதிக்குது, இவன் அதையே பார்த்துட்டு நிக்கறான். இன்னொருத்தனும் வந்து சேர்றான். அந்த ரெண்டாவது ஆள் சொல்றான்: கதவை இழுத்தா கொஞ்சம் அசையுது பாருங்க, அப்படின்னா வெளியேர்ந்து பூட்டல, உள்ளேர்ந்து கொக்கி போட்டிருக்கு, அப்ப உள்ள யாரோ இருக்காங்க. ஒருத்தன் காவலாளைக் கூப்பிட இறங்கறான், ஒருத்தன் வாசல்லயே நிக்கறான். நிக்கறவன் பொறுமை இல்லாம அவனும் கீழ போறான். இவன் கொக்கியை எடுத்துட்டு இறங்கறான், கீழேர்ந்து கூட்டமா ஏறி வர்ற சத்தம், நல்லவேளையா வழியில ஒரு காலி வீடு, பெயிண்ட் அடிக்கிறவங்க திறந்து போட்டுட்டுப் போனது, அதுக்குள்ள புகுந்து கதவுக்குப் பின்னாடி ஒட்டிக்கறான், அவங்க அவனைத் தாண்டி மேல போறாங்க.

இதை விடச் சுத்தமா எழுதின திரில்லர் காட்சி நான் படிச்சதில்ல. அந்தக் கொக்கி ஒண்ணு போதும். தஸ்தயேவ்ஸ்கி பெரியவர் ஆனது அதுக்கப்புறம் நானூறு பக்கம் அந்தப் பையனோட மனசுக்குள்ள உட்கார்ந்திருக்கிறதால, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த நானூறு பக்கமும் நம்மளை விடாமப் பிடிச்சு வெச்சிருக்கறதுக்கு அந்தக் கதவுக் கொக்கியும் ஒரு காரணம். துப்பறியும் கதை நிறையப் படிச்சவனுக்கு இந்தக் காட்சியோட வேலைப்பாடு இன்னும் நல்லாத் தெரியும்னுதான் நான் நம்பறேன், எந்தத் தகவலை எப்ப விடறார், எப்ப மறைக்கறார்னு அவன் கண்ணு பழகியிருக்கும்.

உங்க நண்பர் சொல்றதுல ஒரு பாதி எனக்கும் சம்மதம்தான். எல்லாப் பொழுதுபோக்கு நாவலும் நல்ல நாவல் கிடையாது, நேரத்தைத் தின்னுட்டு ஏப்பம் விடறதும் நிறைய இருக்கு. அதை அந்த வகைக்குள்ளயே வெச்சுத் தரம் பிரிக்கணும். மோசமான திரில்லரை மூடி வெச்சுட்டு நல்ல திரில்லரை எடுக்கணும், அதுக்காக திரில்லரையே விட்டுடணும்னு இல்ல.

கே: லைட்டான நாவல் நிறையப் படிச்சா கிளாசிக் படிக்கிற பொறுமை போயிடும்கறது உண்மையா? எனக்குப் போயிட்ட மாதிரிதான் இருக்கு.
– ஐடி வேலையில் இருக்கும் வாசகி

ப: கொஞ்சம் உண்மைதாங்க, மழுப்ப விரும்பல. பொறுமை போயிடறதுன்னு சொல்றதை விட, வேகம் ஒட்டிக்குதுன்னு சொல்லலாம். நாலஞ்சு திரில்லர் தொடர்ந்து படிச்சா கண்ணு பேச்சு வர்ற இடத்துக்குத் தாவிப் பழகிடுது, நீளமான பத்தி வந்தா மொத வரியும் கடைசி வரியும் பார்த்துட்டு நகருது. திரில்லருக்கு அது செல்லும், பல நேரம் அந்தப் பத்தியில வானிலைதான் இருக்கும். அதே கண்ணோட ஜார்ஜ் எலியட்டோட 'மிடில்மார்ச்'சைத் திறந்தா பாவம் அந்த நாவல், அதோட உயிரே அந்த நீளமான பத்திக்குள்ளதான் இருக்கு, நாம அதைத் தாண்டித் தாண்டிப் போயிட்டு 'ஒண்ணுமே நடக்கலையே'ன்னு மூடி வெச்சுடுவோம்.

ஆனா இந்த வேகத்தை மாத்த முடியும், அதுக்குக் கொஞ்சம் நேரம்தான் ஆகும். இதை டால்ஸ்டாயே அழகாக் காட்டியிருக்கார். 'அன்னா கரீனினா' முதல் பாகத்துல அன்னா ராத்திரி ரயில்ல வீட்டுக்குத் திரும்பறா இல்லையா, அப்ப கூட வர்ற வேலைக்காரப் பொண்ணை விட்டுச் சின்ன விளக்கை எடுக்கச் சொல்றா, அதை இருக்கையோட கைப்பிடியில மாட்டிக்கறா, பையிலேர்ந்து பக்கம் வெட்டற கத்தியையும் ஒரு இங்கிலீஷ் நாவலையும் எடுக்கறா. நம்ம பாஷையில சொன்னா லைட் ரீடிங்தான். மொதல்ல படிக்கவே ஓட மாட்டேங்குது. ஆட்கள் நடமாட்டம், அப்புறம் ரயில் கிளம்பின சத்தம், அப்புறம் இடது பக்க ஜன்னல்ல அடிக்கிற பனி, போர்த்திட்டுப் போற கண்டக்டர், வெளியில என்ன புயல்னு ஆளாளுக்குப் பேச்சு. எல்லாமே கவனத்தைக் கலைக்குது. அப்புறம் அதே ஆட்டம், அதே பனி, அதே சத்தம்னு திரும்பத் திரும்ப வர்றப்போதான் அவளுக்குப் படிக்கிறது புரிய ஆரம்பிக்குது. புரிஞ்சதும் என்ன ஆகுது? கதாநாயகி ஒரு நோயாளியைப் பார்த்துக்கறதைப் படிச்சா இவளுக்கும் அந்த அறையில சத்தமில்லாம நடக்கணும்னு தோணுது, பார்லிமெண்ட் மெம்பர் பேசறதைப் படிச்சா தானும் அந்தப் பேச்சைப் பேசணும்னு தோணுது.

ஒரு லைட்டான நாவலுக்கே அன்னாவுக்கு அவ்வளவு நேரம் ஆகுதுன்னா, போன் பக்கத்துல கிடக்கற நமக்கு 'மிடில்மார்ச்'ல உட்கார மூணு நாள் ஆனா அதுல வெட்கப்பட என்ன இருக்கு. நான் பண்றது இதுதான்: திரில்லர்லேர்ந்து கிளாசிக்குக்குப் போற நாள்ல மொத பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படிப்பேன், யாரும் இல்லாத அறையா பார்த்து. வாய் தாவ முடியாது, ஒவ்வொரு சொல்லாத்தான் போகணும், கண்ணு வேற வழியில்லாமக் கூடவே வரும். பத்துப் பக்கம் கழிச்சு அமைதியாப் படிச்சாலும் அந்த நடை அப்படியே நிக்கும். அதுவும் சரியா வரலேன்னா நடுவுல ரெண்டு நல்ல சிறுகதை படிங்க. திரில்லர்லேர்ந்து நேரா ஆயிரம் பக்க நாவலுக்குக் குதிக்கிறதுக்குப் பதிலா அது ஒரு படிக்கட்டு.

போனை வேற அறையில வைங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

கே: என் பொண்ணுக்கு 14 வயசு. பேய்க்கதை, மாயாஜாலக்கதை தவிர எதையும் தொட மாட்டேங்கறா. நல்ல புத்தகமா வாங்கி வெச்சாலும் அப்படியே கிடக்கு. அந்தப் பேய்க்கதையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சுடலாமான்னு தோணுது.
– ஒரு அம்மா

ப: ஒளிச்சு வைக்காதீங்கம்மா. தயவு செஞ்சு.

1605ல வந்த 'டான் கிஹோட்டே' முதல் பாகத்துல ஆறாவது அத்தியாயம் இதேதான். வீரசாகசக் கதைகளைப் படிச்சுப் படிச்சு நாவலோட நாயகர் டான் கிஹோட்டேவுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சுன்னு, அவர் தூங்கிட்டிருக்கறப்போ பாதிரியாரும் நாவிதரும் அவர் நூலகத்துக்குள்ள போய்ப் புத்தகத்தையெல்லாம் எரிக்கக் கிளம்பறாங்க. வீட்டு வேலைக்கார அம்மாவுக்கும் அவரோட சகோதரி மகளுக்கும் ஒண்ணு விடாம எரிச்சாத்தான் நிம்மதி. ஆனா பாதிரியார் ஒவ்வொண்ணா எடுத்துப் பேரைப் பார்க்கறார், பார்த்தா அவருக்கே எல்லாம் தெரியுது! இது அந்த வகையிலேயே நல்லது, இதை எரிக்காதீங்கன்னு சிலதைக் காப்பாத்தறார், ஒரு புத்தகத்தை உலகத்துலயே நல்ல புத்தகம்னு சொல்லி நாவிதர்கிட்டயே கொடுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கச் சொல்றார். அதுக்கப்புறம் அசதி வந்ததும் பார்க்காமலே மொத்தமா அள்ளிப் போடறாங்க. எனக்கு அந்த இடம் எப்பவும் வலிக்கும், நல்லதும் அந்த மூட்டையில போயிருக்கும்.

அந்தப் பாதிரியார் மொதல்ல பண்ணின வேலையை நீங்க பண்ணுங்க. பொண்ணு படிக்கிற பேய்க்கதையில ஒண்ணை நீங்களும் முழுசாப் படிங்க. அவகிட்ட கேளுங்க, இதுல எது உனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, ஏன்னு. அந்தப் பேச்சு ஒரு தடவை ஆரம்பிச்சுட்டா பாலம் தானா வரும். ஏன்னா பேய்க்கதைக்கும் கிளாசிக்குக்கும் நடுவுல சுவரே கிடையாது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818ல வந்தது, அதை ஆரம்பிக்கறப்போ மேரி ஷெல்லிக்கு வயசு 18. உங்க பொண்ணை விட நாலே வயசு பெரியவ எழுத ஆரம்பிச்ச கதைன்னு சொல்லிப் பாருங்க. ஸ்டீவன்சனோட 'ஜெக்கில் அண்ட் ஹைட்' 1886, ரொம்பச் சின்னப் புத்தகம், ஒரு விடுமுறை நாள்ல முடிஞ்சுடும். 'டிராகுலா' 1897, மொத்தமும் டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்குன்னு போகும், அந்த வயசுக்கு அந்த வடிவமே பிடிக்கும். இதுல எதையும் 'நல்ல புத்தகம்'னு சொல்லிக் கொடுக்காதீங்க, ராத்திரி தனியாப் படிக்காதேன்னு மட்டும் சொல்லுங்க.

கே: நாவல் எழுதணும்னு ஆசை. ஒரு எழுத்தாளர் ஆகணும்னா கிளாசிக் மட்டும்தான் படிக்கணுமா?
– ஒரு வாசகர்

ப: எழுதறவங்க யாரும் அப்படிப் படிச்ச மாதிரி தெரியல. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் எவ்வளவு பெரிய படிப்பாளி, அவரும் அவர் நண்பர் பியோய் காசாரஸும் சேர்ந்து 1945ல துப்பறியும் நாவலுக்குன்னே ஒரு புத்தக வரிசை ஆரம்பிச்சாங்க. அதுக்கு வெச்ச பேர் 'ஏழாவது வட்டம்'. பழைய இத்தாலியக் கவிஞர் தாந்தே கவிதையில காட்டற நரகத்துல வன்முறை செஞ்சவங்க கிடக்கற வட்டம் அது. ஒரு துப்பறியும் வரிசைக்கு தாந்தேகிட்டேர்ந்து பேர் எடுக்கற அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்த மனசுக்குள்ள ரெண்டு அலமாரி இல்ல. அந்த வரிசையில மொதல்ல வந்த புத்தகத்தை எழுதினது நிக்கலஸ் பிளேக், அது புனைபேர், ஆள் யாருன்னா செசில் டே லூயிஸ்ங்கற கவிஞர், 1968ல இங்கிலாந்தோட அரசவைக் கவிஞராவே ஆனவர். இங்கிலீஷ் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் தன்னோட சில நாவலை 'எண்டர்டெயின்மெண்ட்'னு தானே தனியாப் பிரிச்சு வெச்சார். நம்ம சுஜாதா கணேஷ்–வசந்தையும் எழுதினார், புறநானூறுக்கு எளிய அறிமுகமும் எழுதினார்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். உங்களுக்குப் பிடிச்ச துப்பறியும் நாவல் ஒண்ணை, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சப்புறம், மறுபடி மொதல்லேர்ந்து படிங்க. எங்கெங்க தடயத்தை நம்ம கண்ணு முன்னாடியே போட்டிருக்கார், அதைப் பார்க்க விடாம பக்கத்துல என்ன பேச்சை வெச்சிருக்கார்னு ஓரத்துல குறிச்சுக்கோங்க. அடுத்து ஒரு கிளாசிக்கை அதே மாதிரி ரெண்டாவது தடவை படிங்க. அங்கயும் தடயம் இருக்கும், கொலைக்குப் பதிலா ஒரு கல்யாணம் ஏன் உடைஞ்சதுங்கறதுக்கான தடயமா இருக்கும்.

கே: பிடிக்கலேன்னா கிளாசிக்கை நடுவுல விட்டுடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: விடுங்க. ஆனா தூக்கிப் போடாதீங்க, எங்க விட்டீங்களோ அங்க தேதியை எழுதி வெச்சுட்டு அலமாரியில வைங்க. லைட்டான நாவல் அம்பது பக்கத்துல பிடிக்கலேன்னா அனேகமா பிடிக்காமலேதான் போகும். கிளாசிக் அப்படி இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சு அதே பக்கம் வேற மாதிரி தெரியும். என்கிட்ட ஒரு நாவல்ல மூணு தேதி இருக்கு, 38, 112, 290ஆவது பக்கங்கள்ல.

கே: எனக்கு 68 வயசு. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். வாழ்நாள் முழுக்க நல்ல இலக்கியம்தான் படித்தேன். கணவர் இறந்த பிறகு ஒரு வருடமாக எதுவும் உள்ளே போகவில்லை. குடும்ப நாவல், துப்பறியும் கதை என்று லேசானவை மட்டும்தான் படிக்க முடிகிறது. கண் பார்வையும் குறைகிறது. மிச்சம் இருக்கும் நாட்களை இப்படிச் செலவழிப்பது சரியா என்று தோன்றுகிறது.
– ஓய்வு பெற்ற ஆசிரியை

ப: அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு நாள் மேஜை மேலயே வெச்சிருந்தேன்.

எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்த அஞ்சு வாரம் நானும் இதே மாதிரிதான் இருந்தேன். பைக்குள்ள ஒரு நல்ல நாவல் இருந்துச்சு, தினமும் எடுப்பேன், ஒரே பக்கத்தை நாலு தடவை படிச்சுட்டு உள்ள வைப்பேன். அப்ப யாரோ காத்திருக்கற நாற்காலியில விட்டுட்டுப் போன ஒரு துப்பறியும் நாவல், அட்டை கிழிஞ்சது, அதை எடுத்தேன். உள்ள போச்சு. ஏன்னு அப்புறம்தான் யோசிச்சேன். அந்தக் கதையில ஒரு சாவு நடக்குது, ஆனா அந்தச் சாவுக்கு ஒரு காரணம் இருக்கு, அதைக் கண்டுபிடிக்க ஒருத்தர் இருக்கார், கடைசிப் பக்கத்துல எல்லாம் விளங்கிடும்ங்கற நிச்சயம் இருக்கு. எதுவுமே நிச்சயமில்லாத வராண்டாவுல உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு நிச்சயம் தேவைப்பட்டுச்சு. அந்த அஞ்சு வாரத்துல நான் அந்த வரிசைப் புத்தகங்கள் எத்தனையோ படிச்சேன், ஒண்ணோட கதைகூட இப்ப நினைவில்ல, ஆனா அதுங்க இல்லேன்னா அந்த ராத்திரிகளை எப்படித் தள்ளியிருப்பேன்னு எனக்குத் தெரியல. அதனால நீங்க அந்த நாட்களை வீணாக்கறதா எனக்குத் தோணலம்மா. உங்களால இப்ப எது முடியுதோ அதைப் படிக்கறீங்க.

அந்த நல்ல நாவல் அப்பா போய் ஏழெட்டு மாசம் கழிச்சுத் தானா திறந்துச்சு. உங்களுக்கும் எப்போன்னு நான் சொல்ல முடியாது. கண்ணுக்கு மட்டும் ஒரு வழி சொல்றேன், மின்புத்தகக் கருவியில எழுத்தைப் பெருசாக்கிக்கலாம், ஒரு பக்கத்துல பத்து வரிதான் இருக்கும், அது ஒரு விதத்துல நல்லது, அத்தனை பெரிய புத்தகம்ங்கற பயம் வராது. இல்லேன்னா யாராவது படிச்சுப் பதிவு பண்ணின ஒலிப்புத்தகம். நாற்பது வருஷம் வகுப்புல வாய்விட்டுப் படிச்சுக் காட்டினவங்க நீங்களாத்தான் இருப்பீங்க, இப்ப யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டட்டுமே.

புதுசா ஒரு கிளாசிக் வேண்டாம். ஏற்கெனவே படிச்சதுல ஒண்ணை எடுங்க, கதை தெரியும்ங்கறதால லேசாவும் இருக்கும், உங்க வயசு மாறியிருக்கறதால புதுசாவும் இருக்கும். மேல அன்னாவோட ரயிலைப் பத்தி எழுதினேன் இல்லையா, நான் அந்த நாவலை மொதல்ல படிச்சப்போ அன்னாவைத் தவிர யாரையும் பார்க்கல. போன வருஷம் மறுபடி படிச்சப்போ நான் நின்ன இடம் அன்னாவோட அண்ணி டாலிகிட்ட. அவ ஒரு நாள் பிள்ளைங்களை வீட்ல விட்டுட்டு அன்னாவைப் பார்க்க வண்டியில போறா. வீட்ல இருந்தா யோசிக்கவே நேரமில்லாதவ, அந்த வண்டிக்குள்ள தனியா உட்கார்ந்து, பதினஞ்சு வருஷக் கல்யாண வாழ்க்கை, பெத்தது, பறிகொடுத்தது, எல்லாத்தையும் ஒண்ணு விடாம நினைச்சுப் பார்க்கறா, வழியெல்லாம் யாராரோ எதிர்ல வர்றாங்க, வண்டி போயிட்டே இருக்கு. ஆறாவது பாகத்துல பதினாறாவது அத்தியாயம் அது, சில பக்கம்தான். முழு நாவலும் வேண்டாம், உங்க துப்பறியும் கதை பக்கத்துலயே இருக்கட்டும், என்னைக்காவது ஒரு காலை தெளிவா இருந்தா அந்த வண்டிப் பயணத்தை மட்டும் எடுத்துப் பாருங்க.